லோடுமேன் கையில் சோல்டரிங் அயர்ன்: நான்கு மாத ரிப்பேர் பயிற்சி எப்படி இருந்தது

பதினோரு வருடம் லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன் நான். அதை விட்டு எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேருக்கு மாறலாம் என்று ஒரு மாலை நேரப் பயிற்சியில் சேர்ந்தேன். நான்கு மாதப் பயிற்சி, முடித்து ஆறு மாதம் ஆகிறது. சேரும் முன் தேடிப் பார்த்தபோது கிடைத்த விமர்சனங்கள் எல்லாம் "சூப்பர்", "நல்லா சொல்லித் தராங்க" ரகம். அதை நம்பித்தான் பணம் கட்டினேன், அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடத்தின் பெயர் போடவில்லை. பிறகு மற்ற இடங்களில் படித்த நான்கைந்து பேரிடம் பேசிப் பார்த்தேன், அங்கேயும் ஏறக்குறைய இதே கதைதான்.

5க்கு 3 கொடுப்பேன். அந்த மூன்றும் ஒரே ஆளுக்கு, பிராக்டிகல் எடுத்த மாஸ்டருக்கு.

ஏன் மாறினேன் என்பதை ரொம்ப இழுக்கவில்லை. தூக்கியது 50 கிலோ மூட்டை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் கொடுத்த பரிந்துரை, ஓர் ஆண் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் போட்ட கணக்கோ எல்லா வசதியும் சரியாக இருந்தால்கூட 23 கிலோவில் நிறுத்திக்கொள் என்கிறது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் என் முதுகு மாட்டிக்கொண்டிருந்தது. வயது 39. உட்கார்ந்து டைப் அடிக்கும் வேலை எனக்கு ஒத்துவராது, கையால் எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் அதில் கொஞ்சம் மூளைக்கும் வேலை வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

முதல் நாளே ஒரு கூத்து. வருகைப்பதிவுக்குக் கைரேகை வைக்கச் சொன்னார்கள், பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றையும் மிஷின் ஏற்கவில்லை. சாக்குப்பை உரசி உரசி ரேகையே தேய்ந்துபோயிருந்தது. கடைசி வரை எனக்கு மட்டும் நோட்டில் கையெழுத்து. காய்த்துப்போன அதே விரலால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம் உள்ள ரெசிஸ்டரை, அதாவது மின்சாரத்தை மட்டுப்படுத்தும் குட்டிப் பாகத்தைக் கையாள வேண்டும். ட்வீசரில் பிடித்திருக்கிறேனா, பறந்துவிட்டதா என்றுகூட முதலில் தெரியவில்லை. போதாததற்கு வெள்ளெழுத்து வேறு எட்டிப் பார்க்கும் வயது. லென்ஸ் வைத்த விளக்கு இல்லாமல் இந்த வேலையே இல்லை என்பதை இரண்டாம் வாரம் ஒப்புக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய பிரச்சினை கை நடுக்கம். பகலெல்லாம் லோடு இறக்கிவிட்டு மாலை ஏழு மணிக்கு ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சோல்டரிங் அயர்னைப் பிடித்தால் முனை தானாக ஆடும். மாஸ்டர் ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, இரண்டு முன்னங்கையையும் மேஜையில் படுக்கப் போடச் சொன்னார், சுண்டுவிரலை சர்க்யூட் போர்டின் ஓரத்தில் ஊன்றச் சொன்னார், அப்புறம் மூச்சை விடும்போது மட்டும் முனையை வைக்கச் சொன்னார். மூட்டை தூக்கும்போது மூச்சைப் பிடித்தே பழகியவன் நான், இங்கே விட வேண்டும். ஒரு வாரத்தில் நடுக்கம் பாதியாகக் குறைந்தது.

இன்னொரு பழக்கமும் காலை வாரியது. ஒன்று நகரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்து, இதுதான் என் பதினோரு வருடப் பாடம். போர்டில் அழுத்தினால் செம்புத் தடமே பெயர்ந்து வந்துவிடும், முதல் மாதத்தில் ஆறு போர்டைக் காலி செய்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது. பழைய போர்டில் இருக்கும் 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரியில் சட்டென்று உருகி, சட்டென்று உறையும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு வந்த போர்டுகளில் பெரும்பாலும் ஈயமில்லாத கலவை, அது உருகவே 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அதே சூட்டில் ஒன்று உருகும், மற்றொன்று முரண்டு பிடிக்கும். தேவை இன்னும் கொஞ்சம் சூடு, ஈயம் நன்றாக ஒட்டுவதற்குத் தடவும் ஃப்ளக்ஸ் கொஞ்சம், அகலமான முனை, நானோ பலத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஈயத்தை முனையில் உருக்கிக் கொண்டுபோய் அப்பக் கூடாது, பாகத்தின் காலையும் அது உட்காரும் செம்புப் பேடையும் சேர்த்துச் சூடாக்கிவிட்டு அந்த இடத்தில் ஈயக் கம்பியைத் தொட வேண்டும் என்பதையும் இந்த மாஸ்டர்தான் கையைப் பிடித்துக் காட்டினார்.

பணம் கொடுத்தது வீண் போகவில்லை என்று தோன்றியது ஒரு பழைய டிவியின் பவர் சப்ளை போர்டில். ஃப்யூஸ் கண்ணாடி உள்ளே கருகிக் கிடந்தது. நான் உடனே புது ஃப்யூஸை எடுத்தேன். மாஸ்டர் கையைத் தட்டிவிட்டார். "முதல்ல மோந்து பாரு. ஃப்யூஸ் தானா சாகல, எது கொன்னுச்சுன்னு கண்டுபிடி." மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வைத்தார். 230 வோல்ட்டை டிசி ஆக்கினால் உச்சத்தில் 325 வோல்ட் வரை அதில் ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இறங்காமல் இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்யாமல் ரெசிஸ்டர் வைத்து இறக்கினோம். அப்புறம் ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் டையோடை மல்டிமீட்டரில் தொட்டால், ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் விட வேண்டியது இரண்டு பக்கமும் பீப். கொலைகாரன் கிடைத்தான்.

அதை மாற்றிய பிறகும் நேராக சுவிட்சைப் போட விடவில்லை. லைனில் ஒரு சீரீஸ் பல்ப் மாட்டினார், மின்சாரம் அதன் வழியாகத்தான் போர்டுக்குப் போகும், பழைய குண்டு பல்ப், 100 வாட், இதற்கு எல்இடி உதவாது. போர்டில் ஷார்ட் மிச்சமிருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், மின்சாரத்தை அதுவே தாங்கிக்கொள்ளும், போர்டு பிழைக்கும். சுவிட்சைப் போட்டோம். பல்ப் ஒரு முறை பளிச்சென்று மின்னிவிட்டு அப்படியே மங்கியது. கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறியதற்கான மின்னல் அது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன், லோடு இறக்கி முடித்துவிட்டு ஒரு நாளும் அப்படிப் போனதில்லை.

இப்போது குறைகள். வாரம் மூன்று வகுப்பு, 16 வாரம், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், ஆக 96 மணி நேரம். இதில் சரி பாதி தியரி, அதையும் ஒருவர் ஸ்லைடைப் பார்த்து வாசித்துக்கொண்டு போனார். மீதி 48 மணி நேரம் பிராக்டிகல், ஆனால் 15 பேருக்கு ஐந்து மேஜை. மூன்று பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்ததில் என் கையில் அயர்ன் இருந்தது மொத்தமே 16 மணி நேரம்தான். இதைச் சேரும்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புகை உறிஞ்சும் ஃபேன் ஒரே ஒரு மேஜையில்தான் இருந்தது. ஃப்ளக்ஸ் புகை மூச்சுக்குழாய்க்கு ஆகாது, சிலருக்கு ஆஸ்துமாவையே கொண்டுவரும். ஈயம் கையில் ஒட்டும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதை மாஸ்டர் சொன்னதோடு சரி, சுவரில் ஒரு நோட்டீஸ்கூட இல்லை.

"வேலை உத்தரவாதம்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கிடைத்தது ஒரு தாளில் 12 போன் நம்பர். மூன்று நம்பர் உபயோகத்திலேயே இல்லை, எடுத்தவர்களில் ஒருவருக்கு இப்படி ஒரு பயிற்சி நடக்கிறது என்பதே தெரியாது. வேலை நானே ஏறி இறங்கித் தேடிக்கொண்டது. அந்தக் கடைக்காரர் சான்றிதழை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு செத்த போர்டைக் கையில் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

வருமானத்தை மறைக்கவில்லை. முதல் மூன்று மாதம் மூட்டை தூக்கியதில் வந்ததில் பாதிதான் வந்தது, அதனால் வாரத்தில் மூன்று நாள் பழைய லோடு வேலைக்கும் போனேன். இப்போதும் ஒரு நாள் போகிறேன். வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டு இதில் குதித்திருந்தால் தாக்குப் பிடித்திருக்க மாட்டேன்.

சேர நினைப்பவர்கள் பாடத்திட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பிராக்டிகல் நடக்கும் நேரத்தில் நேரில் போய் நில்லுங்கள், ஒரு மேஜைக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள், சீரீஸ் பல்ப் தொங்குகிறதா என்று பாருங்கள், அது இல்லையென்றால் அங்கே நிஜ ரிப்பேர் நடக்கவில்லை. முதல் வாரமே சூடு கூட்டிக் குறைக்கிற அயர்ன் ஒன்று சொந்தமாக வாங்கிவிடுங்கள். ரிப்பேர் கடைகள் தூக்கிப் போடும் போர்டுகளைக் கேட்டு வாங்கி வீட்டில் பழகுங்கள். நான் மூன்றாம் மாதம்தான் வாங்கினேன், அந்த ஒரு மாதத்தில் கற்றது முதல் இரண்டு மாதத்தைவிட அதிகம்.

இப்போது "அட்வான்ஸ்டு கோர்ஸ், மொபைல் போர்டு ஸ்பெஷல், பழைய மாணவர்களுக்குச் சலுகை" என்று அவர்களிடமிருந்து வாரத்துக்கு இரண்டு மெசேஜ் வருகிறது. எத்தனை பேருக்கு எத்தனை மேஜை என்று கேட்டு பதில் அனுப்பினேன். மெசேஜ் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது, பதில்தான் வரவில்லை.