மரவள்ளி மாவுப்பூச்சிக்கு மருந்தா, குளவியா?

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள். பத்து மாதம் வரை காட்டில், அதாவது வயலில், நிற்கும் இந்தப் பயிரை ஜவ்வரிசி ஆலைகள் மாவுச்சத்தின் பாயிண்டை, அதாவது கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்ற அளவைப் பார்த்து விலை வைத்து எடுக்கின்றன. ஆகவே கிழங்கின் எடையோடு பாயிண்டும் குறைந்தால் விவசாயிக்கு இரட்டை நட்டம். 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வந்து சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி அந்த இரட்டை நட்டத்தைத்தான் கொண்டுவந்தது. உரத்தையும் பூச்சிமருந்தையும் நம்பி நடக்கும் இன்றைய வேளாண்மை எத்தனை காலம் தாங்கும் என்று உரைத்துப் பார்க்க, நம் மாவட்டத்தில் இதைவிட நல்ல உரைகல் கிடைக்காது என்பதால், அந்தப் பூச்சியை எதிர்க்கும் இரு வழிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

பூச்சி பிடித்த செடியின் நுனியைக் கையில் எடுத்தால், இலைகள் விரியாமல் சுருண்டு கொத்தாக நெருங்கிக் கிடக்கும். கணுவிடை குறுகித் தண்டு கோணலாகத் திரும்பியிருக்கும். சுருட்டைப் பிரித்தால் வெள்ளை மெழுகுத் தூளுக்குள் இளஞ்சிவப்புப் பூச்சிகள் அடையாக ஒட்டியிருக்கும். மருந்து தோற்பதற்கான காரணம் அந்தச் சுருட்டுக்குள்ளேயே இருக்கிறது. மெழுகின் மேல் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். சுருண்ட இலைக்குள் தெளிப்பு எட்டாது. இந்த இனத்தில் ஆணின் துணையில்லாமலே பெண் முட்டையிடுவதால், தப்பிய ஒன்றிரண்டு பூச்சிகளே மறுபடியும் காட்டை நிரப்பப் போதும். ஊடுருவிப் பாயும் மருந்துகள் தண்டின் சாற்றோடு சென்று பூச்சியைக் கொல்லும் என்பது உண்மைதான், ஆனால் அதன் வீரியம் தீர்ந்ததும் அடுத்த சுற்று அடிக்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் செடி ஆள் உயரம் வளர்ந்து, வரிசைகளின் இடைவெளி தெரியாமல் பார் மூடிவிடுகிறது. அப்போது டேங்கை முதுகில் சுமந்து உள்ளே நுழைபவர் தன் தலைக்கு மேலே மருந்தடிக்கிறார், அது அவர் முகத்திலேயே இறங்குகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே வளர்ந்த காட்டில் மருந்தடிப்பதை நான் ஏற்கவில்லை.

குளவியின் கதை வேறு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் பரவி, கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவான மரவள்ளியை அழித்தபோது, அதன் இயற்கை எதிரியைத் தேடிச் சென்ற ஆய்வாளர்கள் பராகுவேயில் அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியைக் கண்டனர். 1981 முதல் அது ஆப்பிரிக்காவில் விடப்பட்டது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021-இல் பெனின் நாட்டிலிருந்து அதை வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்த பின், 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயல்வெளியில் விட்டது. ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. புழு உள்ளிருந்தே தின்று வளர, பூச்சி உப்பிப் பழுப்பு நிறக் கூடாகக் காய்ந்துபோகிறது. இலையின் அடியில் சிறு துளையோடு அத்தகைய கூடு தென்பட்டால், குளவி வெளியேறி அடுத்த செடிக்குப் போய்விட்டது என்று பொருள். சுருட்டுக்குள் நுழைய அதற்கு டேங்கும் வேண்டாம், கூலியும் வேண்டாம்.

ஆனால் குளவிக்குப் பொறுமை தேவை. பூச்சி முற்றிய காட்டை அது ஒரே வாரத்தில் மீட்காது. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயை அது தொடவும் தொடாது. பக்கத்துக் காட்டில் மருந்தடித்தால் நம் காட்டுக் குளவியும் சாகும், ஆகவே வரப்பு பார்க்காமல் ஊரே சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. மருந்துக்கும் ஓர் இடத்தை நான் ஒதுக்குவேன்: நடுவதற்கு முன் கரணைகளை, அதாவது நடவுக்கு வெட்டிய குச்சித் துண்டுகளை, பத்து நிமிடம் மருந்துக் கரைசலில் நனைத்து எடுப்பது. அங்கே மெழுகு மூடிய சுருட்டும் இல்லை, முகத்தில் இறங்கும் சாரலும் இல்லை, குளவிக்கும் கேடில்லை.

பூச்சி ஒருபுறமிருக்க, மண்ணின் கணக்கும் கவலை தருகிறது. பாசன மரவள்ளிக்கு எக்டேருக்கு 240 கிலோ சாம்பல் சத்து பரிந்துரைக்கப்படுகிறது. பொட்டாஷ் உரமாகப் பார்த்தால் அது ஏறக்குறைய 400 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் எட்டு. அந்த பொட்டாஷ் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருவது, கிழங்கோ அதை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய்விடுகிறது. உரத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வது விவசாயியைப் பட்டினி போடுவதாகும், ஆனால் மண் பரிசோதனை செய்யாமல் ஆண்டுதோறும் அதே காட்டில் அதே கிழங்கைப் போட்டு மூட்டையைக் கூட்டிக்கொண்டே போவது தாங்காது. நடவின்போதே ஊடுபயிராக உளுந்தோ சின்ன வெங்காயமோ போட்டால், செடி பார் மூடும் முன் ஒரு வருமானம் கைக்கு வந்துவிடும். உளுந்தின் வேர் காற்றின் தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும்.

அடுத்த நடவுக்குக் குச்சி வாங்கப் போகிறவர்கள் வண்டியில் ஏற்றும் முன், நுனி சுருண்ட செடியிலிருந்தோ இலையில் தேமல் படர்ந்த செடியிலிருந்தோ வெட்டிய குச்சியைக் கட்டிலிருந்து உருவிப் போட்டுவிட்டு, மீதியை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி ஊர்விட்டு ஊர் வந்ததில் பெரும்பங்கு அந்தக் குச்சிக்கட்டு வழியாகத்தான்.