உதகையில் என்எம்ஆர் காந்தம்: எந்தக் குளிரூட்டும் முறை தாங்கும்?

உதகையில் ஒரு கல்லூரி 400 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆர் கருவி (வலுவான காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறுகளின் அமைப்பை அறியும் கருவி) வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விலையைப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து, கரண்டும் போய்விட்டால் அந்தக் காந்தம் எத்தனை நாள் தாங்கும்? 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கற்பனை இல்லை.

உள்ளே இருப்பது நயோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள். 4 கெல்வினை (ஏறக்குறைய மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) ஒட்டிய குளிரில் அதற்கு மின்தடையே கிடையாது. ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். 400 மெகாஹெர்ட்ஸ் கருவிக்குரிய 9.4 டெஸ்லா காந்தப்புலம் ஒரு மணி நேரத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கு மேல் நகரக் கூடாது. சுருளில் ஓரிடம் சூடானால் போதும், குவென்ச் ஆகி, அதாவது மின்தடையற்ற நிலை திடீரென்று போய், சுருளைக் குளிர வைக்கும் திரவ ஹீலியம் மொத்தமும் ஆவியாகிவிடும்.

பழைய முறையில் சுருள் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கும், சுற்றிலும் திரவ நைட்ரஜன் உறை. அதிர்வு கிடையாது, குளிரைக் காக்க மின்சாரமும் வேண்டாம். ஹீலியம் பல மாதங்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும் என்பதால் மழையில்லாத பிப்ரவரி, மார்ச்சில் திட்டமிட்டுக் கொண்டுவரலாம். சிக்கல் நைட்ரஜனில்தான். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழிருந்து வண்டி ஏறி வந்தாக வேண்டும்.

இந்த முறைக்கு மலை உயரம் கொடுக்கும் தொந்தரவையும் சொல்ல வேண்டும். 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். சமவெளியில் நிரப்பிய ஹீலியம் கலனை இங்கே திறந்தால், அழுத்தம் இறங்கும்போதே ஒரு பகுதி கொதித்துப் போய்விடும். அப்புறம் அன்றாட ஏற்ற இறக்கம். நம் பகுதியில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை, காலை பத்து மணிவாக்கிலும் இரவு பத்து மணிவாக்கிலும், உச்சம் தொடும். ஒரு மில்லிபார் மாறினால் ஹீலியத்தின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு மில்லிகெல்வின் நகரும். வெளி அழுத்தம் ஏறும் நேரத்தில் ஆவி வெளியேறுவது தணிந்து, வால்வும் சரியாக மூடவில்லை என்றால், ஈரக்காற்று உள்ளே போய்க் காந்தக் கலனின் கழுத்தில் பனிக்கட்டியாக அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புதான் ஆபத்து, ஆவி போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். மூடுபனி மாதங்களில் ஒருவழி வால்வைத் தினமும் பார்ப்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

ஹீலியம் தொட்டியே இல்லாத உலர் காந்தம் இரண்டாவது வழி. கிரையோகூலர் எனும் கடுங்குளிரூட்டும் இயந்திரத்தின் குளிர் முனை உலோகம் வழியாகவே சுருளைக் குளிர வைக்கும். லாரி வேண்டாம், இறக்குமதி ஹீலியத்தின் விலையைப் பற்றிய கவலையும் வேண்டாம். ஆனால் 4 கெல்வினில் ஒரு வாட் வெப்பத்தை எடுக்க 7, 8 கிலோவாட் மின்சாரம் தின்னும் கம்ப்ரசர் ஓயாமல் ஓட வேண்டும். கரண்ட் போனால் கெடு மணிக்கணக்கில்தான். ஜெனரேட்டர் ஒருநாள் கிளம்ப மறுத்தால் குவென்ச்தான். மரம் விழுந்து கம்பி அறும் ஊரில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, ஆவியான ஹீலியத்தை அங்கேயே மறுபடி திரவமாக்கும் முறை. தொட்டி நிறைய ஹீலியம் இருப்பதால் கரண்ட் போனாலும் தாங்கும். ஆனாலும் கூலர் நின்றுபோனால் அதன் குளிர் முனையே வெப்பம் உள்ளே இறங்கும் பாதையாகிவிடும், ஆவியாதல் கூடும். விலையும் அதிகம், பராமரிப்பும் உண்டு.

என் ஓட்டு இவற்றுக்கு நடுவே இருக்கும் ஒன்றுக்கு. பழைய முறைக் காந்தமே இருக்கட்டும், மேலே நைட்ரஜனை மட்டும் திரும்பத் திரவமாக்கும் சிறு கூலரைப் பொருத்துங்கள். 77 கெல்வின் வரைதான் குளிர வைக்க வேண்டும் என்பதால் மின்செலவு குறைவு. வாராந்திர வண்டி நின்றுவிடும். கரண்ட் போனாலும் உறையில் இருக்கும் நைட்ரஜன் ஒரு வாரமாவது தாங்கும், ஹீலியம் தன் பாட்டுக்கு இருக்கும். கூலரின் அதிர்வு நிறமாலையில் தெரிந்தால், நுணுக்கமான அளவீட்டின்போது சில மணி நேரம் நிறுத்தி வைக்கலாம்.

எதை வாங்கினாலும் அறைக் காற்றோட்டத்தில் கஞ்சம் வேண்டாம். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் கடல்மட்டத்திலேயே சுமார் 750 லிட்டர் வாயுவாக விரியும், இங்கே அதைவிட அதிகம். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனோ ஏற்கெனவே குறைவு. குவென்ச் குழாய் கூரைக்கு வெளியே போக வேண்டும், ஆக்சிஜன் அளவுமானி உதகை உயரத்துக்கு ஏற்ப அளவுதிருத்தப்பட்டிருக்க வேண்டும். மின்சாரம் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.