மாடியில் புறா, டிவியில் டிடெக்டரிஸ்ட்ஸ்

உழுத வயலில் இரண்டு பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெட்டல் டிடெக்டரை இடமும் வலமுமாக ஆட்டியபடி நடக்கிறார்கள். சத்தம் கேட்டால் மண்டிபோட்டுத் தோண்டுகிறார்கள். பெரும்பாலும் குளிர்பான டப்பாவின் திறப்பு வளையம்தான் வருகிறது. அதைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி நடக்கிறார்கள். 'டிடெக்டரிஸ்ட்ஸ்' என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரில் முக்கால்வாசி நேரம் நடப்பது இதுதான். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து மூன்று சீசனையும் பார்த்து முடித்துவிட்டோம். என் வீட்டுக்காரர் சில அத்தியாயங்களை இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தார்.

டிவிடி பெட்டியை அனுப்பியது இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் நாத்தனார். "பாருங்க அண்ணி, எல்லாமே நம்ம அண்ணன்தான்" என்று ஒரு சீட்டு வேறு உள்ளே வைத்திருந்தாள். அவள் அண்ணன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். அது பிழைப்பு. உயிர் மொட்டை மாடியில் இருக்கிறது, ஹோமர் புறாக்களாக. எங்கள் ஏரியாவில் இதை விளக்க வேண்டியதில்லை, தெருவுக்கு ஒரு மாடியிலாவது கூண்டு இருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தயத்துக்கு முந்தின நாள் கூடையில் ஏற்றி அனுப்புவார்கள். விஜயவாடாவிலோ அதற்கு அப்பாலோ விடிகாலையில் திறந்துவிடுவார்கள். அதுகளாக வழி கண்டுபிடித்து வீட்டுக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் தூரம் வேறு என்பதால் முதலில் வந்தது ஜெயிப்பதில்லை. தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் வரும் சண்டை இருக்கிறதே, அதற்கே தனியாக ஒரு தொடர் எடுக்கலாம்.

எடுத்தால் அது டிடெக்டரிஸ்ட்ஸ் மாதிரிதான் வரும். ஆண்டி, லான்ஸ் இருவரும் ஒரு சின்ன கிளப்பில் உறுப்பினர்கள். ஆட்கள் கைவிரல்களில் அடங்கிவிடுவார்கள். தலைவர் டெர்ரி ஓய்வுபெற்ற போலீஸ்காரர், மண்ணில் கிடைக்கும் பழைய பொத்தான்களைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றக்கூடியவர். வார்டே என்று ஒரு பெண் வருகிறார், வாயே திறப்பதில்லை. ஏன் திறப்பதில்லை என்று யாரும் கேட்பதும் இல்லை. கிளப் என்றால் அப்படி ஒருவர் இருப்பார், அவ்வளவுதான். போட்டிக்கு இன்னொரு கூட்டம் உண்டு. அதில் இருவர் அச்சு அசல் சைமன், கார்ஃபங்கல் என்ற பழைய பாட்டு ஜோடி போலவே இருப்பார்கள். எந்த வயலில் யாருக்கு அனுமதி, யார் எல்லையை யார் தாண்டினார்கள் என்று இரண்டு கோஷ்டியும் முறைத்துக்கொள்ளும்போது வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பரிசுப் பணம் பெரிதாக இல்லாத இடத்தில்தான் மானப் பிரச்சினை பெரிதாக இருக்கும் என்பதை எழுதியவர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

எழுதியவர் மெக்கன்சி குரூக். 'தி ஆபிஸ்' தொடரின் இங்கிலாந்து மூலத்தில் காரெத்தாக வந்து எல்லாரையும் படுத்தியவர். இதில் எழுதி, இயக்கி, ஆண்டியாகவும் நடித்திருக்கிறார். லான்ஸாக டோபி ஜோன்ஸ். முதல் சீசன் 2014-ல் வந்தது, மறு வருடமே பாஃப்டா என்ற பிரிட்டிஷ் டிவி விருது வாங்கியது. மூன்றாவது சீசன் 2017-ல்.

இவர்கள் யாரையும் இந்தத் தொடர் கிண்டல் செய்வதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த முதல் விஷயம். சிரிப்பு வருகிறது, ஆனால் அவர்களோடு சேர்ந்து வருகிறது. நம் சினிமாவில் வட சென்னை ஆள் மாடியில் புறா வளர்த்தால் இடைவேளைக்குள் அவன் கையில் கத்தி வந்துவிடும். கேரம் ஆடினால் போர்டைக் கவிழ்த்துவிட்டு ஒரு அடிதடி இருக்கும். நிஜத்தில் என் வீட்டுக்காரரும் கூட்டாளிகளும் மாடியில் வெயிலில் நின்று வடக்குப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்காக. ஒரு பந்தயத்தில் எங்கள் புறா நல்ல நேரத்துக்கு வந்து, நேராக எதிர்வீட்டு டிஷ் ஆண்டெனாவில் உட்கார்ந்துவிட்டது. கூண்டுக்குள் நுழைந்தால்தான் நேரம் கணக்கு. இவர் கம்பு டப்பாவைக் குலுக்குகிறார், விசிலடிக்கிறார், கெஞ்சுகிறார். அது நிதானமாக இறக்கையைக் கோதுகிறது. கீழே குக்கர் விசிலுக்கு நான் ஓடினால்கூட "சத்தம் போடாதே, பயந்துடும்" என்று சைகை. இதை ஒரு கேமரா அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அந்தப் பொறுமை குரூக்கிடம் இருக்கிறது.

மரத்தடியில் இருவரும் உட்கார்ந்து சாண்ட்விச் தின்னும் காட்சிகள் வந்துகொண்டே இருக்கும். முந்தின நாள் டிவியில் பார்த்த வினாடி வினாவைப் பற்றி அரைகுறையாகப் பேசுவார்கள், அப்புறம் பேச்சு நின்றுவிடும். பின்னணி இசையைக் கொட்டி அந்த இடத்தை நிரப்புவதில்லை. காற்றில் புல் அசைகிறது, இலை மேல் ஒரு பூச்சி ஏறுகிறது, தூரத்தில் எங்கோ பறவை. கதை நடப்பதாகச் சொல்லும் இடம் எசெக்ஸ், படம்பிடித்தது பக்கத்து சஃபோக்கில் ஃப்ராம்லிங்கம் பக்கம். எங்கள் தெருவில் நாளெல்லாம் கன்டெய்னர் லாரி ஹாரன்தான். ராத்திரி இதைப் போட்டால் வீட்டுக்குள் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் சீசன் தொடக்க அத்தியாயத்தில் ஒரு இடம். மண்ணிலிருந்து பழைய ஊதல் ஒன்று கிடைக்கிறது. அதை ஊதியதும் அந்த நிலத்தில் முன்பு நடமாடியவர்கள் ஒவ்வொரு காலமாகத் திரையில் வந்து போகிறார்கள். வசனம் கிடையாது, ஒரு பாட்டு மட்டும். நான் சமூக அறிவியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு நம் காலுக்குக் கீழேதான் இருக்கிறது என்று வருடா வருடம் சொல்கிறேன். 1863-ல் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்த கதையைச் சொல்வேன். "இப்போ அங்க இடம் எத்தனை ரூபா மிஸ்?" என்று கேட்பார்கள். அடுத்த முறை இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

புதையல் கிடைத்தால் சட்டம் என்ன சொல்கிறது என்றும் வகுப்பில் கேட்டான் ஒருவன். இங்கிலாந்தில் 1996-ம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் என்று கருதக்கூடிய பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் கொரோனரிடம் சொல்ல வேண்டும், அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியிடம். அதிலும் ஒரு சிரிப்பு இருக்கிறது. மியூசியம் எடுத்துக்கொண்டால் வெகுமதி உண்டு, வழக்கமாக நிலத்துக்காரரும் கண்டெடுத்தவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். இங்கே நமக்கு 1878-ம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் மண்ணிலிருந்து கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு இப்போது டீ கிடைப்பதே சந்தேகம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கயிற்றில் காந்தத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஆணி, போல்ட், நட்டு என்று ஒட்டியதை உதறிச் சாக்கில் போடுவார். வேலை ஒன்றுதான், லான்ஸ் அதை ஆசைக்குச் செய்கிறான், இவர் அரிசிக்குச் செய்கிறார். அதற்காக லான்ஸைப் பணக்காரன் என்று நினைக்க வேண்டாம். காய்கறிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஆண்டி ஏஜென்சி அனுப்புகிற இடத்துக்கெல்லாம் புல் வெட்டப் போகிறான்.

பெக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்டியின் துணைவி, அவளும் டீச்சர். இந்த மாதிரிக் கதைகளில் மனைவிக்கு ஒரே வேலைதான் கொடுப்பார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "எப்போதான் திருந்துவீங்க" என்பது. பெக்கி அப்படி இல்லை. அவனை நன்றாக ஓட்டுகிறாள், தேவைப்பட்டால் கோபப்படுகிறாள், ஆனால் அவனுக்கு இது எதற்கு என்று கேட்பதில்லை. அவன் பொய் சொன்னால்தான் அவளுக்குப் பிரச்சினை, டிடெக்டரால் இல்லை. எனக்கும் அப்படித்தான். புறாவுக்குக் கொண்டைக்கடலை வாங்கியதைச் சொல்லிவிட்டால் ஒன்றும் இல்லை, மளிகைக் கணக்கில் ஒளித்தால்தான் எரிகிறது. பெக்கியாக நடிப்பவர் ரேச்சல் ஸ்டர்லிங். அவளுடைய அம்மாவாக வருபவர் அவருடைய சொந்த அம்மா டயானா ரிக். அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையில் அது தெரிகிறது.

குறை இல்லாமல் இல்லை. முதல் சீசனில் கிளப்புக்கு வரும் இளம்பெண் சோஃபியை வைத்துச் செய்யும் சந்தேகக் குழப்பம் இந்தத் தொடருக்குத் தேவையே இல்லை. இரண்டாம் சீசனில் ஜெர்மன் இளைஞன் வரும் பகுதி வழக்கமான டிவி கதைக்குள் போய்விடுகிறது. போட்டி ஜோடியைப் பாட்டு வரிகளாலேயே மடக்கும் ஜோக்குகள், அந்தப் பாட்டுகள் தெரியாத எங்களுக்குக் காற்றில் போயின. மூன்றாம் சீசனில் அவர்கள் வயலில் சோலார் பேனல் வரப்போகிறது என்று பெரிய துக்கம். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலைப் பார்த்து வளர்ந்த நாங்கள், சோலார் என்றால் வந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்த மரத்தை வெட்டினால் இவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்ற கவலை எனக்கும் வந்துவிட்டது, அது வேறு.

தங்கம் கிடைக்கிறதா? சொல்ல மாட்டேன். கிடைத்தால் ஆடுவதற்கென்று அவர்களிடம் ஒரு ஆட்டம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். முதல் சீசனின் கடைசி நிமிடத்தில் கேமரா ஒரு வேலை செய்கிறது, அதற்கு வீட்டுக்காரர் "டேய், அங்கதான்டா, திரும்புடா" என்று கத்தி, தூங்கிக்கொண்டிருந்த என் மாமியாரை எழுப்பிவிட்டார்.

முதல் சீசனிலிருந்து வரிசையாகப் பாருங்கள், நடுவில் நுழைந்தால் சுவை இல்லை. அத்தியாயம் அரை மணி நேரம்தான், ஒரு ராத்திரிக்கு இரண்டு போதும். பேச்சு வழக்கு கொஞ்சம் கடினம், ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு அத்தியாயத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றினால் விட்டுவிடலாம், பிறகும் அப்படித்தான் இருக்கும். 2022 டிசம்பரில் ஒன்றேகால் மணி நேரச் சிறப்பு அத்தியாயம் ஒன்று வந்திருக்கிறது. எங்கள் பெட்டியில் அது இல்லை, நாத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.