ஹேண்ட்பிரேக்: எல்லாத் திரைகளிலும் ஓடும் காணொளிக்கு

என் அலைபேசியில் ஹெச்.இ.வி.சி. என்ற, எல்லாக் கருவிகளிலும் ஓடாத காணொளிச் சுருக்க முறையில் பதிவான வயலின் பாடங்களை இணையதளத்தில் ஏற்றியபோது, மாணவர்கள் சிலருக்குக் கறுப்புத் திரையில் ஒலி மட்டும் கேட்டதால்தான், 2003 முதல் உருவாகிவரும் காணொளிகளை வேறு வடிவத்துக்கு மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் என்ற கட்டணமில்லா மென்பொருளை நாடினேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது இயங்குகிறது.

கோப்பை இழுத்துப் போட்டு, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற ஆயத்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், ஹெச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியும் கொண்ட எம்.பி.4 கோப்பு கிடைக்கிறது. இந்தச் சேர்க்கையை இன்று புழக்கத்திலுள்ள கருவிகளில் ஏறத்தாழ எல்லாமே ஓட்டிவிடும். எனக்கு மிகவும் பயன்பட்டது 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற சிறு பெட்டி. காணொளியின் எந்தச் சட்டகம் (தனிப்படம்) கோப்பில் எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை வழக்கமாகக் கடைசியில் எழுதப்படுகிறது. பெட்டியில் குறியிட்டால் அது முன்னால் நகர்ந்துவிடுவதால், முழுக்கோப்பும் இறங்கக் காத்திராமல் காணொளி ஓடத் தொடங்குகிறது.

தரத்தை அமைக்கும் ஆர்.எஃப். எண் கூடக் கூடப் படத்தின் தரம் குறையும் என்பது புதியவரைக் குழப்பும். நானும் முதல்நாள் 30 வைத்து, வில்லின் அசைவெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்த பிறகே 22-க்கு இறங்கினேன். ஒரே காணொளியைப் பல தர அளவுகளில் துண்டாக்கி, இணைய வேகத்துக்கேற்ப மாற்றி அனுப்பும் ஹெச்.எல்.எஸ். வசதி இதில் இல்லை, அதற்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் எஃப்.எஃப்.எம்பெக் போன்ற வேறொரு மென்பொருளைத்தான் கற்க வேண்டும். என் பழைய மடிக்கணினியில் ஒரு மணி நேரப் பாடத்தை மாற்ற அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது, விசிறியும் அலறுகிறது. ஆனாலும் பாடங்களை வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.