வார் மாற்றிய செருப்புக்குக் கலரா, கறுப்பு வெள்ளையா?

ஃபிலிம் கேமராவைத் தூசி தட்டி எடுப்பவர்களில் பலர் சீக்கிரமே வந்து நிற்கிற இடம், தூக்கிப்போட்ட சாமான்கள். அசையாது, "எதுக்கு எடுக்கீங்க?" என்று கேட்காது. திருநெல்வேலிப் பக்கம் இதற்குப் பஞ்சமும் இல்லை. காயலாங்கடை வாசல், பீடி சுற்றுவதை விட்டுவிட்ட வீட்டுப் பரணில் கிடக்கிற முறம், பாதி கிழிந்த பத்தமடைப் பாய், ஓட்டை விழுந்த பதநீர்க் கலயம் என்று எவ்வளவோ. கேமராவுக்குள் எந்த ரோலைப் போடுவது என்பதில்தான் பஞ்சாயத்து. கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கலருக்குக் கோடக் கோல்டு 200 என்று வைத்துக்கொள்வோம்.

"பழைய பொருளா? கறுப்பு வெள்ளைதான்" என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கறுப்பு வெள்ளையில் நேற்று வாங்கிய பிளாஸ்டிக் வாளிகூடத் தாத்தா காலத்துச் சொத்துபோல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். அது வாளியின் சோகம் இல்லை, ஃபிலிம் பூசிவிட்ட சோகம்.

ஓர் ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரையில் கிடக்கிற சாதாரண ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் தாள் கனத்துக்குத் தேய்ந்திருக்கிறது. பெருவிரல் பள்ளம் கறுத்திருக்கிறது. கறுப்பு வெள்ளையில் இந்த இரண்டும் அருமையாக வரும். ஆனால் அடிப்பாகத்தின் ஓரத்தில் ஓடுகிற கோடு நீலம், வாரோ பச்சை. பழைய வார் அறுந்து, கிடைத்த நிறத்தில் வேறொன்று வாங்கிக் கோத்திருக்கிறார். புதுச்செருப்பு வாங்குவதை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போட்ட மனுஷர் அந்தப் பச்சை வாரில்தான் இருக்கிறார். எச்பி5-ல் நீலமும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிட, அவர் காணாமல்போகிறார். கோல்டில் இருக்கிறார். எனக்கு இது போதும்.

கல்லும் இரும்பும் வந்தால் கதை மாறும். கிரைண்டரும் மிக்சியும் வந்தபிறகு புறவாசலுக்குப் போன அம்மியைக் காலை எட்டு மணிச் சாய்வெயிலில் பாருங்கள். கொத்துக்காரர் போட்ட புள்ளிகள் ஓரங்களில் மட்டும் மிச்சமிருக்கும். நடுவில் குழவி ஓடி ஓடி வழவழவென்று ஆகியிருக்கும். அந்த வழவழப்புக்கும் சொரசொரப்புக்கும் நடுவில்தான் அரைத்தவளின் கை இருக்கிறது. அங்கே நிறம் வெறும் தொந்தரவு. பக்கத்தில் ஒரு சிவப்பு மக் கிடந்தால் கண் அங்கேதான் போகும். அம்மிக்கு எச்பி5தான், மறுபேச்சில்லை.

துருப்பிடித்த சாமானுக்கு ஒரு எச்சரிக்கை. ஆமணக்குச் செடிக்குள் கிடக்கிற சைக்கிள் மட்கார்டு கண்ணுக்குச் செம்பழுப்பும் பச்சையுமாகப் பளிச்சென்று பிரியும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் கண்ணாடி போட்டால் துரு வெளுத்து இலை கறுக்கும். பச்சை போட்டால் நேர்மாறு. கலரில் இந்த வேலையே கிடையாது.

வெயிலையும் கணக்கில் எடுக்கவேண்டும். பழைய கேமராக்கள் பலவற்றில் ஷட்டர் வேகம் 1/500 அல்லது 1/1000-க்கு மேல் போகாது. உச்சி வெயிலில் எச்பி5 மாதிரி 400 வேக (வெளிச்சத்தை உணரும் அளவு) ஃபிலிமுக்கு 1/500 வைத்தால், லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/16-க்கு இறங்கவேண்டியதுதான். பின்னால் கிடக்கிற சுள்ளி, குப்பை, கோழி எல்லாம் தெளிவாக வந்து நிற்கும். கோல்டு 200 வேகம்தான் என்பதால் ஒரு ஸ்டாப் மிச்சம், அதாவது துளையை ஒரு படி பெரிதாக வைக்கலாம். கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் விழுந்தாலும் அது தாங்கும்.

கழுவுவதில் கறுப்பு வெள்ளைக்கே வெற்றி, வீட்டிலேயே முடித்துவிடலாம். டெவலப்பருக்கு (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) 20 டிகிரி வேண்டும் என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்மூர்க் கோடையில் படித்தால் சிரிப்புத்தான் வரும். மண்பானைத் தண்ணீரில் கொஞ்சம் ஐஸ் போட்டு 24-க்குக் கொண்டுவந்து நேரத்தைக் குறைக்கலாம். ஆனால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாக வரும். அதனால் டி-76 என்கிற டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலப்பது நல்லது. 20 டிகிரியில் 11 நிமிடம் ஆவது 24-ல் ஏழரைக்கு வரும். கலர் என்றால் பெரும்பாலும் வெளியூர் லேபுக்குக் கூரியர். வீட்டில் செய்ய சி-41 என்கிற கலர் கழுவும் முறை கேட்கிற சூடு 37.8 டிகிரி, அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடித் தொட்டியே பாதி வேலையைப் பார்த்துவிடும் என்பது தனி வேடிக்கை. காசில் இரண்டுமே இன்று கையைக் கடிக்கும். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடிய பிறகு, நம் ஊர்ச் சரக்கு என்று சொல்ல அவர்களுடைய 'இந்து' (Indu) ரோலும் இல்லை.

பாபநாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. தாமிரபரணியில் முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவருவதைப் பரிகாரமாகப் பலர் செய்கிறார்கள். ஆற்றுக்கு அது கேடு. கரையில் குவிகிற துணியோ ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கவலை. கறுப்பு வெள்ளையில் அது வெறும் ஈரக் குவியல். கலரில்தான் மஞ்சள் தோய்ந்த முந்தானை, பள்ளிக்கூடச் சட்டை, காவி வேட்டி என்று ஆள் ஆளாகப் பிரியும். ஆனால் குளிக்கிறவர்கள் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள். துணி அள்ளுகிறவர்கள் குவித்துவைத்த பிறகு எடுத்தால் போதும்.

ஒரே ரோலுக்குத்தான் காசு என்றால் நான் கோல்டுதான் வாங்குவேன். ஆனி, ஆடிச் சாரல் நாளில் மேகம் மூடிய வெளிச்சத்துக்கு அதைவிடத் தோதான ஃபிலிம் வேண்டாம். சொந்தத்தில் யாராவது பழைய வீட்டை இடிக்கப்போவதாகச் சொன்னால் மட்டும் எச்பி5. அம்மி, உரல், கதவு நிலை எல்லாம் காயலாங்கடைக்குப் போவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.