டேப்பட் சத்தம் என்றார்கள்

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். அதில் ஐந்து நாள் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் கழிந்தது. ஒழுங்காகக் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து போய் வீட்டு வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி மச்சானுடையது. பழைய ஜிப்ஸி, 1.3 லிட்டர் பெட்ரோல், ஃபோர் வீல் டிரைவ். அது போகிற வழியில் பாதி பாறை, மீதி ஓடை. முன்பு வைத்திருந்தவர், எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, நான்கு குழாய்கள் கீழே ஒன்றாகச் சேரும் ஹெடரைப் போட்டிருந்தார். காலையில் ஸ்டார்ட் செய்தால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம். பத்து நிமிடம் ஓடினால் பாதி அடங்கிவிடும். மேட்டில் மிதித்தால் திரும்ப வரும். கூடவே உள்ளே லேசான புகை வாடை. மச்சான் அதற்குப் பழகிப்போயிருந்தான். எனக்குத்தான் பயமாக இருந்தது. எக்ஸாஸ்ட் வாயுவில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. வாடை வருகிறதென்றால் அதுவும் கூடவே வருகிறது என்றுதான் அர்த்தம்.

முதலில் போனது பெரிய ஒர்க்‌ஷாப். உட்கார ஏசி அறை, வண்டி எண்ணைத் தட்டினால் பழைய விவரமெல்லாம் வரும் கம்ப்யூட்டர். மரியாதைக்குக் குறைவில்லை. ஜாப் கார்டில் 'எஞ்சின் சத்தம்' என்று ஒரே வரி எழுதிக்கொண்டார்கள். வால்வைத் திறக்கும் டேப்பட்தான் தட்டுகிறது என்று முடிவு செய்து வால்வு இடைவெளியைச் சரிசெய்து, மாலையில் சூடான எஞ்சினோடு வண்டியைக் கொடுத்தார்கள். "கேளுங்க சார், சத்தமே இல்ல." உண்மைதான், இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி தையல் மிஷின்.

உண்மையில் சத்தம் ஹெடரில் இருந்த விரிசலிலிருந்து வந்தது. எஞ்சின் சூடானால் ஹெடரும் சூடாகி விரியும், சின்ன விரிசல் தானே கொஞ்சம் மூடிக்கொள்ளும். சூட்டோடு கேட்டால் எதுவும் தெரியாது. இதை நான் அங்கேயே சொல்லி, முந்தின இரவே வண்டியை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டை அவர்கள் காதால் கேட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

அடுத்த நாள் விடியற்காலையில் நானே பார்த்தேன். இரண்டு முழ ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஹெடர் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனேன். மூன்றாவது சிலிண்டர் பக்கம் வந்ததும் காதில் அறைகிற மாதிரி கேட்டது. சைலன்சர் வாயை ஈரத்துணியால் ஒரு நொடி அமுக்கச் சொன்னேன், 'புஸ்' என்று சீறியது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஹெடரை எஞ்சினோடு இணைக்கும் ஃபிளாஞ்ச் தட்டுக்கு அடியில் மை தீட்டியதுபோல ஒரு கரிக்கோடு. இதற்கு ஸ்கேனர் எதுவும் தேவைப்படவில்லை.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று மச்சான் புலம்பியதற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று தோன்றியது. ஓட்டை வழியாகப் புகை வெளியே வருவது மட்டுமில்லை. எக்ஸாஸ்ட் அழுத்தம் அலையலையாக ஏறி இறங்கும்போது வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். கீழே இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று தப்புக்கணக்குப் போடும். வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும்.

இரண்டாவதாக ஒரு சைலன்சர் கடை. "ரெண்டு மணி நேரம் சார்" என்றார்கள், இரண்டு நாள் ஆனது. ஹெடரைக் கழற்றாமலேயே விரிசல் மேல் பேஸ்ட் பூசி, பட்டை வைத்து இறுக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பேஸ்ட் பின்பக்கக் குழாய் இணைப்புகளுக்குச் சரி. எஞ்சினை ஒட்டி, இழுவையில் இரும்பே சிவக்கிற இடத்தில் அது எத்தனை நாள் நிற்கும்? இரண்டு முறை மேலே போய்வந்ததும் ஓடு ஓடாக உதிர்ந்தது.

மூன்றாவது இடம் பட்டறை என்றே சொல்லலாம். ஒரு லேத், ஒரு ஆர்கான் வெல்டிங் மிஷின், ஒரு பெரியவர், ஒரு பையன். பெரியவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே கேட்டார், "பேக்கிங்கும் ஸ்டட்டும் கையில இருக்கா தம்பி?" பேக்கிங் என்பது இணைப்பில் புகை கசியாமல் நடுவில் வைப்பது, ஸ்டட் என்பது நட்டு ஏறும் மரைக்கம்பி. இல்லை என்றேன். "வாங்கிட்டு வாங்க, அப்புறம் கழட்டலாம். கழட்டிப் போட்டுட்டு சாமானுக்கு அலையக் கூடாது." அதற்கு ஒரு நாள் போனது. ஆனால் நியாயமான ஒரு நாள்.

நட்டுகளைச் சும்மா முறுக்கவில்லை. முந்தின இரவே ஆயில் விட்டு ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகக் கேஸில் சூடுகாட்டி, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டியே எடுத்தார். அப்படியும் கடைசி ஸ்டட் எஞ்சின் ஹெட்டை ஒட்டி முறிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் அசரவில்லை. வெளியே நீட்டியிருந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டிங்கை நிரப்பினார். சிவப்பு அடங்கும்வரை பேசாமல் நின்றார். பிறகு ஸ்பேனரைப் போட்டார். கிரீச் என்று ஒரு சத்தம், துண்டு சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. வெல்டிங் சூட்டில் விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விட்டுப்போகும், அவ்வளவுதான் சூட்சுமம்.

ஹெடரை மேஜையில் கவிழ்த்தபோதுதான் விரிசல் முழுதாகத் தெரிந்தது. மூன்றாவது குழாய் ஃபிளாஞ்சோடு சேரும் வெல்டிங் ஓரத்தில், கீழ்ப்பக்கமாகக் கால்வட்டம். காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. ஸ்டெயின்லெஸ், அதற்கேற்ற வெல்டிங் கம்பியை எடுத்தார். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னதாகத் துளை போட்டார், அதற்கு மேல் ஓடாமல் இருக்க. பள்ளமாகக் கிரைண்டிங் செய்தார். பிறகு ஹெடரைத் தடிமனான இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுத்தான் வெல்டிங் வைத்தார், இல்லையென்றால் சூட்டில் ஃபிளாஞ்ச் வளைந்துவிடும். ஆறியபின் ஸ்கேலை வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய இலைகளான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தார். ஓர் ஓரத்தில் 0.3 மில்லிமீட்டர் இலை நுழைந்தது. முகத்தைச் சுளித்துவிட்டு, அதையும் தேய்த்துச் சமமாக்கினார்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது அவர் கேட்ட ஒரு கேள்வி. "சரி, இது ஏன் இங்கயே உடைஞ்சுது?" பையனை ஆக்ஸிலரேட்டர் அழுத்தச் சொல்லி எஞ்சினைப் பார்த்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எஞ்சின் ஒருபக்கமாகச் சாய்ந்து எழுந்தது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தது. கீழே போய்ப் பார்த்தால், சைலன்சரைத் தாங்கும் முதல் ரப்பர் அறுந்த இடத்தில் யாரோ கட்டுக்கம்பியால் சேஸோடு இறுக்கக் கட்டியிருக்கிறார்கள். எஞ்சின் ஆடுகிறது, சைலன்சர் அசையமாட்டேன் என்கிறது, நடுவில் மாட்டிய ஹெடர் என்ன செய்யும்? கொதிக்கிற குழாயோடு ஓடைத் தண்ணீரில் இறங்குவதும் தன் பங்குக்கு வேலை செய்திருக்கும் என்றார். மவுண்டையும் ஹேங்கர் ரப்பரையும் மாற்றி, ஹெடருக்குப் பின்னால் சின்னதாக, வளைந்துகொடுக்கும் ஒரு ஃபிளெக்ஸ் பைப்பும் சேர்த்தார்.

குறையும் உண்டு. பையன் கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடிக்கிறான். நான் சொன்னபோது போட்டான், நான் டீக்குப் போய்வந்தபோது நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தான். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்ச் கிடையாது, எல்லாம் கைக்கணக்கு. நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறி, இரண்டு சுற்றாக இறுக்கியது முறைதான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி வந்தேன். பெரியவர் இறுக்கிய எட்டு நட்டில் ஆறு ஒரே அளவில் இருந்தன. மற்ற இரண்டும் லேசாகத்தான் நகர்ந்தன. சிரித்துக்கொண்டே, "திருப்தியா?" என்றார்.

நான்கைந்து முறை சூடாகி ஆறினபிறகு, குளிர்ந்த எஞ்சினில் ஒரு முறை திரும்ப இறுக்கச் சொல்லியிருந்தார். புது பேக்கிங் அமுங்கும், நட்டு தளரும். நான் கிளம்பிய பிறகுதான் அதற்கு நேரம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் போன் செய்தான். மூன்று நட்டு கால் சுற்று ஏறியதாம். போனை பானட் பக்கம் கொண்டுபோய் காலை முதல் ஸ்டார்ட்டைக் கேட்க வைத்தான். ஃபேன் பெல்ட் மட்டும் லேசாகக் கத்தியது.