போர்ட் வழி விலானா, டேக் வழி விலானா?

ராமேசுவரத்தில் யாத்ரீகர்கள் தங்கும் ஒரு விடுதியில் வரவேற்பறைக் கணினி, சிசிடிவி கேமராக்கள், அறைகளுக்கான வைஃபை ஆகிய மூன்றும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் (கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டியில்) பிரிக்கப்படாமல் இருந்தால், விருந்தினரின் மடிக்கணினிக்கும் கணக்குக் கணினிக்கும் இடையே சுவிட்ச் எந்தத் தடையும் போடாது. அமைப்பை நாமே மாற்றக்கூடிய, விலை குறைந்த ஸ்மார்ட் சுவிட்சுகளிலேயே இவற்றை விலான்களாக, அதாவது ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி வலையமைப்புகளாக, பிரிக்க இரண்டு வழிகள் உண்டு: போர்ட் வழி, டேக் வழி. ஆனால் அவற்றில் பலவும் ஒரு நேரத்தில் ஒரு வழியை மட்டுமே இயக்கவிடும்.

போர்ட் வழி விலானில், 1 முதல் 3 வரையிலான போர்ட்டுகள் அலுவலகத்துக்கு, 4 முதல் 7 வரை கேமராவுக்கு என்று குறித்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரே போர்ட்டை இரு குழுக்களிலும் சேர்க்க அனுமதிக்கும் சுவிட்சாக இருந்தால், ரூட்டரை அந்தப் பொதுப் போர்ட்டில் செருகி இரு குழுக்களுக்கும் இணையம் தரலாம். அப்போது எல்லாரும் ஒரே ஐபி முகவரி வரிசையில்தான் இருப்பார்கள் என்பதால், குழுவுக்கொரு விதியை ரூட்டரில் வகுப்பது கடினம்.

டேக் வழிக்கான, 1998-இல் வெளியான 802.1க்யூ தரமோ ஒவ்வொரு ஃபிரேமிலும் (கேபிளில் போகும் தரவுத் துண்டிலும்) அது எந்த விலானுக்கு உரியது என்று சொல்லும் 4 பைட் டேக் ஒன்றைச் சேர்க்கிறது. அதில் 12 பிட்டுகள் விலான் எண்ணுக்கு உரியவை; 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம். கணினியும் கேமராவும் இருக்கும் போர்ட்டுகளுக்கு டேக் இல்லாமலும், ரூட்டருக்கோ அடுத்த சுவிட்சுக்கோ போகும் போர்ட்டில் டேக்குடனும் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது சுவிட்ச் வரும்போதுதான் உண்மையான வேறுபாடு தெரியும். போர்ட் வழிக் குழு அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே பொருள் உடையது. கேபிளைத் தாண்டினால் எந்த ஃபிரேம் எந்தக் குழுவினது என்று சொல்ல எதுவும் இல்லை. ஆகவே மாடிக்கு மூன்று குழுக்களையும் கொண்டுபோக மூன்று கேபிள்கள் வேண்டும். அதிலும், லூப் தடுப்பு இயங்கும் சுவிட்ச் அவற்றைச் சுற்றுப்பாதை என்று கருதி ஒன்றைத் தவிர மற்றவற்றை அடைத்துவிடக்கூடும். டேக் இருந்தால் ஒரே கேபிள் போதும். விருந்தினருக்கு ஒரு பெயர், ஊழியர்களுக்கு ஒரு பெயர் என இரண்டு வைஃபை பெயர்களைத் தனித்தனி விலானில் தரும் ஆக்சஸ் பாயின்டுக்கும் டேக் தேவை.

உப்புக் காற்றில் போர்ட்டின் உள்முனைகள் களிம்பேறும் இந்தக் கடற்கரையில், டேக்கால் செருகும் இடங்கள் குறைவது தனி நன்மை. ஒரு போர்ட் படுத்துவிட்டால் கடைப்பையன் கேபிளைப் பக்கத்துப் போர்ட்டில் மாற்றிச் செருகுவது வழக்கம். அப்போது அறை வைஃபை அலுவலகக் குழுவுக்குள் போய்விடலாம். இந்த ஆபத்து இரு முறைகளிலும் உண்டு என்பதால், பயன்படாத போர்ட்டுகளை எவருக்கும் உரியதல்லாத ஒரு விலானில் போட்டுவைப்பது நல்லது.

பாம்பனில் ஒரே அறையில், ஒரே சுவிட்சோடு நடக்கும் மீன் கம்பெனிக்குப் போர்ட் வழி முறையே போதும் என்பது என் கருத்து. அங்கே டேக் வீண் வேலை. மாடிகள் கொண்ட விடுதிக்கு முதல் நாளிலிருந்தே 802.1க்யூவைத்தான் பரிந்துரைப்பேன். டேக் இல்லாமல் வரும் ஃபிரேமை எந்த விலானில் சேர்ப்பது என்பதைச் சொல்லும் பிவிஐடி எண்ணைப் போர்ட்தோறும் சரிபார்க்க வேண்டும். உறுப்பினராகச் சேர்த்துவிட்டு இதை மாற்ற மறப்பதே பரவலான தவறு. அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கும் கணினியின் போர்ட்டைக் கடைசியாகத் தொடுங்கள்; முதலிலேயே தொட்டால் சுவிட்சின் அமைப்புப் பக்கத்துக்கே போக முடியாமல், ரீசெட் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.